பழைய பிஎஸ்ஏ பி31: ஹெட்டையும் பிளாக்கையும் வீட்டிலேயே புதுப்பித்தல்

பழைய வண்டியின் என்ஜினைப் பிரிக்க உட்காருபவர்கள் முதலில் ஸ்பேனரைத்தான் தேடுகிறார்கள். தேட வேண்டியது அளவுக் கருவியை. இந்தக் கட்டுரை முழுவதும் நான் வற்புறுத்தப்போவது இது ஒன்றுதான்: அளவெடுத்துவிட்டுப் பிரியுங்கள், பிரித்த பிறகு மறுபடி அளவெடுங்கள், அளவு கையில் இருந்தால் மட்டுமே பிஸ்டனுக்குப் பணம் அனுப்புங்கள். தென் ஆப்பிரிக்காவின் டர்பன், வெருலம், டோங்காட் பக்கத்தில் பழைய ஆங்கில வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதிரிபாகம் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்துதான் வருகிறது. பொருளின் விலை, தபால் கூலி, சுங்கம், அதன் மேல் 15 சதவீத வாட் வரி. இத்தனையும் கட்டி வாங்கிய பிஸ்டன் அளவு பொருந்தாமல் போனால் அந்த வருத்தம் சாதாரணமானது அல்ல. எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய பிஸ்டனின் தலையில் பொறித்திருந்த எண்ணை மட்டும் பார்த்து அதற்கு அடுத்த அளவை வரவழைத்தார். பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பிளாக்கின் தேய்மானம் அந்த அளவையும் தாண்டியிருந்தது. பிஸ்டன் இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது.

நான் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய பிஎஸ்ஏ பி31 மோட்டார் சைக்கிள், 1954ஆம் ஆண்டு வண்டி. பர்மிங்காமில் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் 1945 முதல் 1959 வரை இந்த வகையைச் செய்தார்கள். 348 சிசி, ஒற்றைச் சிலிண்டர், போர் எனப்படும் சிலிண்டர் துளையின் விட்டம் 71 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் எனப்படும் பிஸ்டன் ஓடும் நீளம் 88 மில்லிமீட்டர். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட், பிளாக் இரண்டுமே வார்ப்பிரும்பு. புஷ்ராடுகள் ஒரு குழலுக்குள் மேலேறி ராக்கர்களைத் தள்ளும். செயின் இல்லை, பெல்ட் இல்லை, கைக்கு எட்டாத மூலை என்று எதுவும் இல்லை. வீட்டுக் கொட்டகையில் தொழில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல என்ஜினை நான் பார்த்ததில்லை. இதன் அண்ணன் பி33க்கும் இங்கே சொல்வதெல்லாம் பொருந்தும். அதற்குப் போர் விட்டம் 85, ஸ்ட்ரோக் அதே 88. மேட்ச்லெஸ், ஏரியல், என்ஃபீல்டு புல்லட் போன்ற மற்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கும் முறை இதுதான். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பதற்கு முன்பு

என்ஜின் ஓடும் நிலையில் இருந்தால் அது அதிர்ஷ்டம். சூடாகும் வரை ஓட்டி, நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரெஷன் கேஜை மாட்டுங்கள். ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு, முள் இனி ஏறாது என்ற நிலை வரும் வரை கிக் செய்யுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் ஊற்றி மறுபடி கிக் செய்யுங்கள். இப்போது முள் நன்றாக மேலே போனால் காற்று ரிங் வழியாகத் தப்புகிறது. எண்ணெய் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. முள் அசையவில்லை என்றால் குறை வால்வில், அல்லது ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில். எங்கே பணம் போகப்போகிறது என்பதைப் பெரும்பாலும் இந்தச் சோதனையே சொல்லிவிடும்.

பிளக்கைக் கழற்றிக் கிக் செய்யும்போது அதன் வயரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். மேக்னெட்டோவின் மின்சாரத்துக்குப் போக வழி வேண்டும். வயரின் முனையில் ஒரு பிளக்கைச் செருகி அதை ஹெட்டின் மேல் படும்படி வையுங்கள். மேக்னெட்டோவின் உள்சுற்றைப் புதிதாகச் சுற்றுவது பிளாக்குக்கு போர் செய்வதைவிட, அதாவது துளையைக் குடைந்து பெரிதாக்குவதைவிட, செலவான வேலை.

ஜோகன்னஸ்பர்கில் இருக்கும் உறவினரோடு இந்த எண்களை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு சொல். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் டர்பனைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான அளவு தாழ்ந்திருக்கும். அதே என்ஜின் அங்கே அதற்கேற்பக் குறைந்த எண்ணைத்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு நல்ல என்ஜினைப் பிரித்துவிடக் கூடாது.

பிரிக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டால் வண்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டுக் கொட்டகைக்குள் கொண்டுவாருங்கள். கடற்கரை ஓரத்தில் கரும்பு வெட்டும் பருவத்தில் வசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தைக் கொளுத்தும் மாலைகளில் கருஞ்சாம்பல் இழை இழையாக வந்து துணி காயும் கொடியிலும் திண்ணையிலும் விழும். திறந்து கிடக்கும் கிராங்க் கேஸுக்குள்ளும், அதாவது என்ஜினின் அடிப்பெட்டிக்குள்ளும், அது விழும். ஜன்னலை மூடுங்கள். வேலை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் என்ஜினைச் சுத்தமான பழைய போர்வையால் மூடுங்கள்.

கருவிகளில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். இந்த வண்டியின் நட்டுகள் விட்வொர்த் எனப்படும் பழைய ஆங்கில அளவு வகை. மில்லிமீட்டர் ஸ்பேனரை நெருக்கிப் பொருத்தினால் மூலைகள் மழுங்கிவிடும். 70 வருடம் தாங்கிய நட்டு ஒரு நிமிடத்தில் போய்விடும். விட்வொர்த் ஸ்பேனர் தொகுப்பு ஒன்றை ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் பழைய ஃபிட்டர்களின் வீடுகளிலும் தேடிப் பிடியுங்கள். வெளிவிட்டம் அளக்கும் மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ், வால்வு ஸ்பிரிங் அமுக்கி ஆகியவை வேண்டும். உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். அந்த வழியைப் பிறகு சொல்கிறேன்.

மேலிருந்து கீழே

பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், புகைக்குழாய், வால்வு லிஃப்டர் கேபிள், ராக்கர் பெட்டிக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாய் என்ற வரிசையில் கழற்றுங்கள். கழற்றிய ஒவ்வொன்றின் நட்டையும் அதனதன் இடத்திலேயே விரலால் திருகி விட்டுவிட்டால் பெட்டியில் தேட வேண்டியிருக்காது. பிளக் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே என்ஜினைச் சுழற்றி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டன் மேலே நிற்கும்படி வையுங்கள். அப்போதுதான் ராக்கர் பெட்டியின் மேல் ஸ்பிரிங்கின் அழுத்தம் இருக்காது. பெட்டியின் போல்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராகத் தளர்த்துங்கள். பெட்டி அலுமினியத்தில் ஆனது, ஒரு பக்கமாக இழுத்தால் வளையும்.

புஷ்ராடுகள் வெளியே வந்ததும் எது இன்லெட், எது எக்ஸாஸ்ட் என்று அட்டை கட்டுங்கள். ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த முனைகள் தம் ஜோடியோடுதான் இருக்க வேண்டும்.

ஹெட்டைத் தூக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்குரூடிரைவரை நடுவில் செருகி நெம்பாதீர்கள். வார்ப்பிரும்புத் துடுப்புகள் எச்சரிக்கை இல்லாமல் உடைபவை. மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் போதும். பிளாக்கையும் அப்படியே தளர்த்தி, பாதி உயர்ந்ததும் நிறுத்துங்கள். கிராங்க் கேஸின் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிட்டுத்தான் மீதியைத் தூக்க வேண்டும். உடைந்த ரிங் துண்டு உள்ளே விழுந்தால் முழு என்ஜினையும் பிரிக்க நேரிடும்.

பிஸ்டனைக் கழற்றுவதற்கு முன் கனெக்டிங் ராடைப் பிடித்து ஒன்றைச் சோதியுங்கள். ராடு மேல் நிலையில் இருக்கட்டும். இரண்டு கையாலும் நேர் மேலே இழுத்து நேர் கீழே அழுத்துங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடலாம், அது இயல்பு. மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. 'டக்' என்று விரலில் உணர்ந்தால் பெரிய முனையின் பேரிங் போய்விட்டது. அங்கே வேலையை நிறுத்துங்கள். தளர்ந்த பேரிங்கின் மேல் இறுக்கமான புது பிஸ்டனைப் போட்டால் கூடுதல் அழுத்தம் அந்தப் பேரிங்கைச் சீக்கிரமே முடித்துவிடும், போட்ட பணமும் அதோடு போகும். பலர் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதற்குக் காரணம் பதிலைக் கேட்க மனமில்லாததுதான். கேட்டே ஆக வேண்டும்.

பிஸ்டன் பின்னை சுத்தியலால் அடித்து வெளியேற்றாதீர்கள். பின்னை நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையங்களை எடுத்துவிட்டு, கொதிநீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பிஸ்டனைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் அலுமினியம் விரிந்து பின் கையால் தள்ளியே வெளியே வரும். பிஸ்டனின் உட்புறத்தில் எது முன்பக்கம் என்று கீறிக்கொள்ளுங்கள். பழைய சர்க்ளிப்புகளைத் தூக்கி எறியுங்கள், மறுபடி போடக் கூடாது.

போர் கேஜ் இல்லாமல் போரை அளப்பது

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மேல் ரிங் வந்து நின்று திரும்பும் இடத்துக்குச் சற்றே கீழே தேய்மானம் அதிகம்; வெப்பமும் அழுத்தமும் அங்கே உச்சத்தில் இருக்கும், எண்ணெயோ குறைவாக இருக்கும். பின்னின் குறுக்கே, அதாவது வண்டியின் முன்பின் திசையில், பிஸ்டன் சுவரை அழுத்துவதால் அந்தத் திசையில் இன்னும் கூடுதல். போரின் அடியில், ரிங் எட்டாத இடத்தில் தேய்மானம் ஏறக்குறைய இல்லை. ஆகவே மேலும் கீழும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் தேய்மானம்.

போர் கேஜ் இருந்தால் மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும் இரண்டு திசையிலும் அளந்து எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு ரிங்கும் ஃபீலர் கேஜும் போதும். ரிங்கை போருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் தள்ளி, சாயாமல் அடிப்பகுதியில் நிறுத்துங்கள். அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, தேய்மானம் அதிகமான வளையத்தில் நிறுத்தி மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ரிங்கின் இடைவெளி கூடுவது சுற்றளவால். சுற்றளவு விட்டத்தைப்போல் 3.14 மடங்கு கூடும், அவ்வளவுதான் கணக்கு. அடியில் 0.30 மில்லிமீட்டர், மேலே 0.93 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.63. வகுத்தால் 0.20 மில்லிமீட்டர். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் தவ் என்போம், 0.20 மில்லிமீட்டர் ஏறக்குறைய 8 தவ். இந்த அளவு என்ஜினுக்கு நான் கோடு கிழிப்பது அங்கேதான். 8 தவ்வுக்குக் குறைவாக, சுவரில் ஆழமான கீறலும் இல்லாமல் இருந்தால் புது ரிங்கும், சுவரைக் கல்லால் லேசாக உரசும் ஹோனிங்கும் போதும். எட்டினாலோ தாண்டினாலோ போர் செய்யத்தான் வேண்டும். கீறலில் நகம் சிக்கினால் தேய்மானம் எவ்வளவாக இருந்தாலும் போர்தான்.

இந்தக் கணக்கு சுற்றளவின் சராசரியைத்தான் தரும், போர் முட்டை வடிவமாகியிருப்பதைக் காட்டாது. அதற்காகவே எட்டை ஒட்டி வந்தால் பட்டறைக்காரரிடம் கொடுத்து ஒரு முறை கேஜ் போடச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் இதற்குப் பெரிதாகக் காசு கேட்பதில்லை.

அடுத்து பழைய பிஸ்டனின் தலையைக் கரி நீக்கிப் பாருங்கள். 20 அல்லது 40 என்று எண் பொறித்திருந்தால் அந்த பிளாக் ஏற்கெனவே அத்தனை தவ் பெரிதாக்கப்பட்டது. எண் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஸ்டாண்டர்டு அளவு. இந்த எண்ணும், நீங்கள் அடியில் அளந்த விட்டமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் அளவை நம்புங்கள், பொறிப்பை நம்பாதீர்கள். ஏற்கெனவே 40 தவ் பெரிதாகிவிட்ட பிளாக்கை மேலும் குடைவதைவிடப் துளைக்குள் புது ஸ்லீவ் (இரும்பு உறை) இறக்கி ஸ்டாண்டர்டு அளவுக்குத் திரும்புவதையே நான் விரும்புகிறேன். சுவர் கனமாக இருக்கும், உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் இரண்டு போர் மிச்சம் இருக்கும்.

பட்டறைக்காரரிடம்

இந்த வேலையில் வீட்டில் செய்ய முடியாதவற்றில் முதன்மையானது போர் செய்வது. நான் போகும் பட்டறை வெருலம் பக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள பெரியவர் என்னைவிட மூத்தவர். பிளாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "பிஸ்டன் எங்கே தம்பி? பிஸ்டனைக் கொண்டுவந்தால் பிளாக்கை வாங்கிக்கொள்கிறேன்."

அவர் சொல்வதில் தொழிலின் சாரம் இருக்கிறது. '20 தவ் பிஸ்டன்' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனும் ஓரிரு தவ் முன்பின் இருக்கும். பெட்டியில் உள்ள எண்ணுக்கு போர் செய்யக் கூடாது. கையில் உள்ள பிஸ்டனுக்குத்தான் போர் செய்ய வேண்டும். பிஸ்டனைப் பாவாடைப் பகுதியின் அடியில், பின்னுக்குக் குறுக்கே மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். அதனுடன் இடைவெளியைக் கூட்டி வருவதுதான் போரின் அளவு. பிஸ்டனுடன் வரும் தாளில் அந்த இடைவெளி குறித்திருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். தாள் இல்லாதபோது இந்த 71 மில்லிமீட்டர் போருக்கு நான் கேட்டு வாங்குவது 4 தவ். டர்பனின் ஜனவரி வெயிலில் மேடேறும் காற்றுக் குளிர்ச்சி என்ஜினுக்கு அதைவிட நெருக்கமாக வைக்க எனக்குச் சம்மதமில்லை.

அவரிடம் இன்னும் இரண்டு விஷயங்களை வாயால் சொல்லிவிடுங்கள், தெரிந்திருந்தாலும் சொல்லுங்கள். போரின் மையத்தைத் தேயாத அடிப்பகுதியை வைத்துப் பிடிக்க வேண்டும். தேய்ந்த மேல்பகுதியை வைத்துப் பிடித்தால் சிலிண்டரே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கடைசி 2, 3 தவ்வை வெட்டுக்கத்தியால் எடுக்காமல் ஹோனிங் கல்லால் எடுக்க வேண்டும். அப்போதுதான் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும், அவற்றில் உரசித்தான் புது ரிங் சுவரோடு பழகும்.

மின்வெட்டுக் காலங்களில் பட்டறை சொன்ன நாளில் வேலை முடியாது. தைப்பூசக் காவடிக்கு வண்டியில் போக வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு அவரை அவசரப்படுத்தாதீர்கள். அந்த இடைவெளியில் ஹெட்டைக் கவனியுங்கள், அங்கே உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது.

ஹெட்

வால்வு லாக்குகளை எடுத்து வால்வுகளை வெளியே கொண்டுவருமுன், ஒவ்வொரு வால்வையும் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உயர்த்திப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். வால்வின் தண்டைத் தாங்கும் குழலான கைடுக்குள் தளர்ச்சி நன்றாகத் தெரிந்தால் கைடு மாற்ற வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம்தான் முதலில் தேயும். அலுமினிய ஹெட்டில் கைடு மாற்ற ஹெட்டைச் சூடேற்றுவார்கள், அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரிந்து கைடை விடுவிக்கும். பி31இன் ஹெட்டும் கைடும் இரண்டுமே வார்ப்பிரும்பு. சேர்த்துச் சூடேற்றினால் இரண்டும் சேர்ந்தே விரியும், ஒரு பயனும் இல்லை. இதை பிரஸில் வைத்துத்தான் தள்ள வேண்டும், அதுவும் பட்டறை வேலை. புதுக் கைடு போட்டால் மையம் மயிரிழை நகரும்; ஆகவே வால்வு உட்காரும் வளையமான சீட்டையும் 45 பாகைக்குப் புதிதாக வெட்ட வேண்டும். கைடு மாற்றிவிட்டு சீட்டை விட்டுவிடுவது பாதி வேலை.

கைடு நன்றாக இருந்தால் வால்வு அரைப்பது முழுக்க உங்கள் கைவேலை. சீட்டில் குழி இருந்தால் முதலில் கரடான பேஸ்ட், பிறகு மென்மையானது. வால்வின் சரிவில் மூன்று நான்கு இடத்தில் புள்ளியாகத் தடவினால் போதும், தண்டில் படவே கூடாது. ரப்பர் பிடியுள்ள குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து முன்னும் பின்னும் உருட்டுங்கள், அடிக்கடி தூக்கி கால்வாசி திருப்பி வையுங்கள். கரகரவென்ற ஒலி மெலிந்து வழுக்கும் ஒலியாக மாறும்போது துடைத்துப் பாருங்கள். வால்விலும் சீட்டிலும் எங்கும் அறுபடாத மங்கிய சாம்பல் வளையம், ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் அகலத்தில் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அரைப்பது வால்வைச் சீட்டுக்குள் புதைப்பதில்தான் முடியும்.

பேஸ்டின் கடைசித் துகள் வரை மண்ணெண்ணெயால் கழுவுங்கள். பிறகு வால்வு, ஸ்பிரிங் எல்லாம் மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து எரிப்பறையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருங்கள். போர்ட்டில் ஈரம் தட்டாமல் இருந்தால் வால்வு உட்கார்ந்துவிட்டது. கசிந்தால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி அரையுங்கள். வால்வு ஸ்பிரிங்குகளைப் பொறுத்தவரை நான் அளப்பதுகூட இல்லை. விலை குறைவு, தபாலில் எடையும் குறைவு, பிஸ்டனோடு சேர்த்துப் புதிதாக வரவழைத்துவிடுகிறேன்.

ஈயமில்லாத பெட்ரோல் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தென் ஆப்பிரிக்காவில் 2006 தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. ஈயம் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு மென்மையான சீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கும் என்பது உண்மை. ஆனால் அது நீண்ட நேரம் வேகமாக ஓட்டுகிறவர்களின் வண்டியில் நடப்பது. கோயிலுக்கும் கடற்கரைக்கும் மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் போய்வரும் பி31க்குக் கடின சீட் இறக்கக் காசு செலவிட வேண்டாம் என்பதே என் முடிவு. எக்ஸாஸ்ட் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வு மூடியிருக்கும்போது புஷ்ராடுக்கும் அதன் அடியில் உள்ள டேப்பெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை, குறித்துவைத்துக்கொண்டே வாருங்கள். சரிசெய்த பிறகும் அது திரும்பத் திரும்பக் குறைந்துகொண்டே வந்தால், அப்போது கடின சீட் போடலாம்.

சேர்ப்பது

பட்டறையிலிருந்து வரும் பிளாக்கின் சுவரில் ஹோனிங் கல்லின் துகள் ஒட்டியிருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதைக் கோடுகளுக்குள்ளிருந்து கிளப்பாது. சுடுநீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, நார் பிரஷ். தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சாம்பலாக வந்தால் மறுபடி கழுவுங்கள். வெள்ளையாகவே வரும் வரை விடாதீர்கள். துடைத்த கையோடு போர் முழுவதும் எண்ணெய் பூசிவிடுங்கள். நம் கடலோரக் காற்றில் பூச்சில்லாத இரும்பில், நீங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் செம்பழுப்பு நிறம் ஏறிவிடும்.

புது ரிங் ஒவ்வொன்றையும் பிஸ்டனில் மாட்டுமுன் போருக்குள் விட்டு இடைவெளியை அளங்கள். ஓர் அங்குல விட்டத்துக்கு 4 தவ் என்பது பழைய கணக்கு. 71 மில்லிமீட்டர் என்பது 2.8 அங்குலம், ஆகவே 11 தவ். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் முனையைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். இடைவெளி போதாத ரிங் சூட்டில் விரிந்து முனைகள் முட்டிக்கொண்டு போரைக் கிழிக்கும். ஓரிரு தவ் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. ரிங்கில் மேல்பக்கம் என்று குறி இருந்தால் அது மேலேதான் பார்க்க வேண்டும். மூன்று ரிங்குகளின் வாய்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக வராமல் 120 பாகை விலகியிருக்கட்டும்.

கிராங்க் கேஸின் வாயில் துணி இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிஸ்டனைச் சூடேற்றி, பின்னைக் கையால் தள்ளி, புது சர்க்ளிப்புகளைப் போடுங்கள். ஒவ்வொரு சர்க்ளிப்பையும் ஸ்குரூடிரைவரால் சுழற்றிப் பாருங்கள். பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததுதான் ஒழுங்காகச் சுழலும். பிறகு துணியை எடுங்கள். அடி கேஸ்கெட்டின் எண்ணெய்த் துளைகள் கிராங்க் கேஸின் துளைகளோடு பொருந்துகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே அதை வையுங்கள். பிளாக்கை இறக்கும்போது ஒருவர் பிளாக்கைப் பிடிக்க, மற்றவர் ரிங்குகளை விரலால் அமுக்கி உள்ளே விட வேண்டும். வீட்டில் பொறுமையான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது தடுத்தால் அழுத்தாமல் நிறுத்துங்கள், ரிங் வெளியே பிதுங்கி நிற்கும்.

உங்கள் வண்டியில் செம்பு ஹெட் கேஸ்கெட் இருந்தால் பழையதையே பயன்படுத்தலாம். மங்கிய சிவப்பாகும் வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடி மென்மையாகும். ஹெட்டை மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றுகளில் இறுக்குங்கள்.

டேப்பெட் சரிசெய்ய புஷ்ராட் குழலின் அடியில் உள்ள மூடியைத் திறக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும் நிலையில் இன்லெட்டைச் சரிசெய்யுங்கள். இன்லெட் மூடி முடியும் நிலையில் எக்ஸாஸ்ட்டைச் சரிசெய்யுங்கள். கேம்களின் சரிவில் டேப்பெட் நிற்காமல் இருப்பதற்கான வழி இது. என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். கையேடு சொல்வது இரண்டுக்கும் 3 தவ். வால்வு லிஃப்டர் கேபிளில் சிறிது தளர்வு இருக்கட்டும். இழுத்துப் பிடித்திருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும்.

முதல் ஓட்டம்

புது எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமல் கிக் செய்துகொண்டே எண்ணெய் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். திரும்பி வரும் குழாயில் எண்ணெய் விழுவதைக் கண்ணால் பார்க்கும் வரை பிளக்கை மாட்டாதீர்கள். என்ஜின் உயிர்பெற்றதும் சும்மா நிறுத்தி ஐட்லிங்கில் விடுவது தவறு. வண்டி நகராமல் காற்று வராது, ஐட்லிங்கில் ரிங்கும் பழகாது. சில நிமிடம் நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு நிறுத்தி, முழுவதும் ஆறவிடுங்கள். ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். ஹெட் இறங்கியிருக்கும், ஆகவே டேப்பெட்டையும் மறுபடி பாருங்கள். இந்த இரண்டையும் விட்டவர்கள்தான் சில வாரத்தில் கேஸ்கெட் ஊதிவிட்டது என்று வருகிறார்கள்.

பழக்கும் ஓட்டத்துக்கு டோங்காட்டிலிருந்து ஸ்டேங்கர் போகும் பழைய ஆர்102 சாலை மிக நல்லது. கரும்புத் தோட்டங்களுக்கிடையே ஏறி இறங்கிப் போகும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் திறக்காமல் சிறிது இழுக்க விடுங்கள், இறக்கத்தில் மூடிவிடுங்கள். மூடும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் எண்ணெயை ரிங்குகளுக்கு மேலே இழுத்துக் குளிர்விக்கும். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகாதீர்கள். பைன்டவுனிலிருந்து க்ளூஃபுக்கு ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டை முதல் 500 கிலோமீட்டருக்குத் தொடவே வேண்டாம். 150 கிலோமீட்டரில் முதல் எண்ணெயை மாற்றுங்கள். டேங்கின் அடியில் சன்னமான உலோகத் தூள் மின்னுவது இயல்பு. செதில் செதிலாக வந்தால் ஹெட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

500 கிலோமீட்டருக்குப் பிறகு கம்ப்ரெஷன் கேஜை மறுபடி மாட்டி, தொடக்கத்தில் எழுதிவைத்த எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதுங்கள்.

இனி மேட்டு நிலத்துக்குப் போகலாம். டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்குக்கும் இடையே 1913 முதல் 1936 வரை மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. அதன் நினைவாக இன்றும் டிஜே ஓட்டம் நடக்கிறது. 1936க்குப் பின் செய்த வண்டிக்கு அதில் இடமில்லை என்பதால் பி31 கலந்துகொள்ள முடியாது. ஆனால் அந்த வழியில் ஏறுகிற எல்லோரும் செய்கிற ஒன்றை நீங்களும் செய்யுங்கள். உயரத்தில் காற்று மெலிவதால் கலவையில் பெட்ரோல் மிகுந்து என்ஜின் கனத்து ஓடும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஓர் அளவு சிறியதாக மாற்றினால் சரியாகும். திரும்பி டர்பனுக்கு இறங்கும்போது, வழியிலேயே நிறுத்தியாவது பழைய ஜெட்டைப் போட்டுவிடுங்கள். கடல் மட்டத்தில் சிறிய ஜெட்டோடு ஓட்டினால் பெட்ரோல் போதாமல் சூடேறி, புது பிஸ்டன் போருக்குள் பிடித்துக்கொள்ளும்.